சம்பந்தி குடிக்காத காபி

"பார்த்தீங்களா? இன்னிக்கும் டம்ளரைத் தொடலை!"

ஆடை படிந்து ஆறிப்போன காபியைத் தறிப்பக்கம் கொண்டுவந்து காட்டினாள் இந்திராணி.

அவள் கணவர் கோதண்டபாணி தறி நாடாவை நிறுத்தாமலே, "யாரு?" என்றார்.

"யாரா? உங்க சம்பந்தியம்மாதான். கூரத்து மகாராணி!"

"வயிறு சரியில்லாம இருக்கும். தண்ணி வாங்கிக் குடிச்சாங்களே."

"தண்ணி யார் வீட்லயும் குடிப்பாங்க. காபி என் கையால கலந்தது, அதான் ஆகலை. நெலபுலன் வெச்சிருக்கறவங்க, தறிக்காரன் வீட்ல வாய் நனைப்பாங்களா?"

மகன் வசந்தும் தேவிப்ரியாவும் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவர்கள். கல்யாணம் ஆனதிலிருந்து தேவிப்ரியாவின் தாய் செல்லியம்மாள் இந்த வாசற்படியை மிதித்ததே இல்லை. இப்போதுதான் தினமும் காலையில் கூரம் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். இந்திராணி சமைத்து வைத்த பத்தியச் சோற்றைத் தூக்கில் வாங்கிக்கொண்டு, மகள் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவாள்.

தேவிப்ரியாவுக்கு மாதம் நிறையுமுன்னே பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை. ஒரு கைக்குள் அடங்கிவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

"குழந்தை நடுவுல மூச்சு விட மறந்துபோகுதும்மா," என்று டாக்டர் துர்காதேவி சொல்லியிருந்தார். "மூளை இன்னும் முதிரலை. மூச்சு நின்னா இதயத் துடிப்பு இறங்கிடுது. துடிப்பு இறங்கினா மூளைக்குப் போற ஆக்சிஜன் குறைஞ்சிடும். அடிக்கடி இப்படி ஆனா ஆபத்து. சொட்டு மருந்து குடுத்துட்டு இருக்கோம்."

மிஷின் கத்தும்போதெல்லாம் நர்ஸ் எஸ்தர் ஓடிவந்து பிஞ்சுப் பாதத்தை நிமிண்டுவாள். குழந்தை திடுக்கிட்டு மூச்சிழுக்கும். எஸ்தரைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடாமல் நகரமாட்டாள் இந்திராணி.

சம்பந்தியைக் கண்டால்தான் வயிறு எரிந்தது.

மறுநாள் செல்லியம்மாள் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். கிட்டே போனாலே தைல வாடை.

"தலைவலிங்களா?"

"ஆமாம்மா. மண்டைய பொளக்குது."

"அப்ப சூடா ஒரு காபி..."

"ஐயோ, வேணாம்மா!" டம்ளர் ஏதோ சுட்டுவிடும் போலத் தள்ளி உட்கார்ந்தாள் செல்லியம்மாள்.

இந்திராணிக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மருமகளிடமே கேட்டுவிட்டாள்.

"உங்கம்மாவுக்குக் காபி புடிக்காதாம்மா?"

"எங்கம்மாவுக்கா? நல்லா கேட்டீங்க அத்தை! சோறு இல்லாம கூட இருந்துடும், காபி இல்லாம இருக்காது. ஆறிப்போனதைக் கூட விடாது."

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "கேட்டுக்கினீங்களா? நம்ம வீட்ல மட்டுந்தான் ஆகாதாம். இனிமே அந்தம்மாவுக்குக் காபி கலக்கறேனா பாருங்க!" என்று பொருமினாள்.

அதன் பிறகு சொம்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டாள். செல்லியம்மாளும் அதைக் குடித்துவிட்டுத் தூக்கோடு கிளம்பிவிடுவாள்.

குழந்தைக்கு மெல்ல எடை ஏறியது. மிஷின் கத்துவது குறைந்து, ஒருநாள் நின்றேபோனது. டாக்டர் சம்பந்திகள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"சொட்டு மருந்தை நிறுத்தி ஒரு வாரமா பார்த்துட்டோம். ஒரு தடவை கூட மூச்சு நிக்கலை. நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

இந்திராணி கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் அடுத்த பயம் வந்துவிட்டது.

"அது என்னா மருந்து டாக்டரம்மா? பின்னாடி எதுனா பண்ணிடுமா?"

டாக்டர் சிரித்தார். "பயப்படாதீங்க. நாம குடிக்கிற காபியில இருக்குதே, அதே சரக்குதான். மூளையை அசந்து போக விடாம, மூச்சு விட வைக்கும். முதல் நாளே உங்க சம்பந்தியம்மாகிட்ட சொன்னேனே!"

செல்லியம்மாள் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். "இனிமே கொயந்தைக்கு அந்தக் காபி மருந்து வேணவே வேணாங்களா?"

"வேணாம்மா. தானாவே நல்லா மூச்சு விடுது."

செல்லியம்மாள் சட்டென்று இந்திராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"சம்பந்திம்மா, வூட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு காபி கலந்து குடுக்கிறீங்களா? வேண்டுதலை வெளிய சொல்லக் கூடாதுன்னு இத்தினி நாளா வாயத் தொறக்கலை. என் பங்கு காபியும் நம்ம பேத்திக்கே போவட்டும்னு காமாட்சியம்மன்கிட்ட வேண்டிக்கினு காபிய வுட்டுட்டேன்."