எடுக்காத கோல்

"போஸ்ட்மோட்டம் வேண்டாமெண்டு ஆஸ்பத்திரிக்கு ஒரேயொரு போன் கோல் எடுங்கோ, டொக்டர். அசர் தொழுகைக்கு முதல் வாப்பாவை அடக்கிப்போடலாம்."

றினாஸ் அழுதுகொண்டே கையைப் பிடித்தான். ஒரு காலத்தில் டொக்டராக இருந்த எம்.பி. எமிலியானுஸ் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"ஏலாது, தம்பி. போஸ்ட்மோட்டம் நடக்கட்டும்."

தாராபுரத்தில் அந்த வீட்டு வாசலில் நின்ற அத்தனை பேரும் அவரைத் திட்டத் தொடங்கினார்கள். திட்டமாட்டார்களா பின்னே? கடைக்குப் போக வெளிக்கிட்ட அப்துல் ஹமீட் ஹாஜியார் அப்படியே சாய்ந்து மவுத்தாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை. இனி நாளைக்குத்தான் வெட்டுவார்கள். வெட்டிக் கிழித்துத் தைத்த உடம்பைத்தான் பிள்ளைகள் குளிப்பாட்ட வேண்டும்.

மரண விசாரணை அதிகாரிகூட இறங்கி வந்தார்.

"டொக்டர், இவருக்கு முந்தியே நெஞ்சு வருத்தம் இருந்ததெண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் எனக்குக் காணும். உங்களிட்டத்தானே மருந்து எடுத்தவர்?"

"அது நான் ஆஸ்பத்திரியில இருந்த காலம். இப்ப நான் டொக்டர் இல்லை."

"அடேயப்பா! வோட் கேட்டு வரேக்க மட்டும் டொக்டரோ?" யாரோ கத்தினார்கள். "போன மாசம் கொண்டச்சியில மவுத்தான ஆளின்ர மையத்தை வெட்டாமல் விடச்சொல்லிக் கோல் எடுத்தீங்கதானே?"

"ஓம். எடுத்தனான்."

"அது உங்களுக்கு வோட் போட்ட வீடு. நாங்கள் போடேல்ல. அதுதானே?"

எமிலியானுஸ் திரும்பி நடந்தார். வாகனத்தில் ஏறும்போது பின்னால் ஒரு செருப்பு வந்து விழுந்தது.

மறுநாள் மாரடைப்பு என்று முடிவு வந்தது. லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள்.

அந்தக் கிழமையே றினாஸ் எம்.பி.யின் கந்தோருக்கு வந்தான். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

"மாரடைப்புத்தானாம். நாங்கள் சொன்னதுதான். சும்மா கிடந்த மையத்தை வெட்ட வைச்சீங்களே, இப்ப சந்தோஷமா?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, தம்பி."

"மன்னிப்பா? இனி எங்கட பக்கம் வந்திடாதீங்கோ." திரும்பியவன் வாசலில் நின்றான். "வாப்பா ரெண்டாவதாக் கலியாணம் முடிச்ச பஹ்மிதா சின்னும்மா மட்டும் உங்களுக்காக அல்லாஹ்விட்ட துஆக் கேக்குறா. புருசன் மவுத்தாகி இத்தாவில இருக்கிறதால வெளியில வர ஏலாதாம், என்னைப் போய்ச் சொல்லட்டாம். ஏனெண்டு கேட்டா அழுகைதான். பாவம், புத்தி கலங்கிப்போச்சு."

அவன் போன பிறகு சாரதி ஜஸ்ரினுக்குப் பொறுக்கவில்லை.

"சேர், உண்மையைச் சொல்லுங்கோ. ஏன் அந்தக் கோலை எடுக்கேல்ல?"

எமிலியானுஸ் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மையத்தைப் பாக்க உள்ளுக்குப் போனனானெல்லே. அடுத்த அறையில ஹாஜியாரின்ர தங்கச்சி ஸுஹறா குசுகுசுத்தது எனக்கு வடிவாக் கேட்டது. 'இவள் குடுத்த தேத்தண்ணியைக் குடிச்சுத்தானே விழுந்தார். சொத்துக்காக என்னத்தைக் கலந்தாளோ' எண்டு. அந்தப் பிள்ளை ஒரு மூலையில குந்தியிருந்து எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தது."

"றினாஸின்ர சின்னும்மாவோ, சேர்?" ஜஸ்ரின் கேட்டான்.

"நான் கோல் எடுத்திருந்தால் மையத்து அண்டைக்கே போயிருக்கும். அந்தப் பழி அவள் சாகுமட்டும் போயிராது."

"ஐயோ சேர்! இதை றினாஸிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் செருப்பெறிஞ்ச ஊரே உங்களுக்கு வோட் போட்டிருக்குமே!"

"அவன் அவளை இண்டைக்கும் சின்னும்மா எண்டுதான் சொல்லுறான், ஜஸ்ரின். அப்பிடியே சொல்லிக்கொண்டிருக்கட்டும்."