ஊசிக்குப் பயந்தவள்

“இருக்கவே முடியாது டாக்டர்! இன்னொரு தடவை பாருங்க!” பெரியவள் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

“நல்லா பாத்துட்டேன்மா. சோரியாசிஸ்ங்கிற இந்தத் தோல் நோய் இருக்கிறவங்க ரத்தத்துல ஏறுற புரோட்டீன் உனக்கு எக்கச்சக்கமா ஏறியிருக்கு. முழங்கால்ல இருக்கிறது பரவுறதுக்குள்ள ஊசியை ஆரம்பிச்சுடலாம்.”

ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வரும், ஊசியிலிருந்து தப்பிவிடலாம் என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

அம்மா மூக்கை உறிஞ்சினாள். “ஊசின்னா ஊரைக் கூட்டுற கழுதை டாக்டர் இவ. அன்னைக்கு நான் மருந்து வாங்கிட்டு வர்றதுக்குள்ள சத்தமில்லாம டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்து முடிச்சிருந்தா. தைரியம் வந்துடுச்சேன்னு சந்தோஷப்பட்டேன்.”

பெரியவள் குரலைத் தாழ்த்தினாள். “தோல்ல ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு இப்படி ஏறியிருந்தா டாக்டர்?”

“பின்னாடி வரலாம்னு சந்தேகப்படறாங்க. வராமலும் போகலாம். உறுதியா யாராலும் சொல்ல முடியாது. உனக்கெதுக்கு அந்தக் கவலை?”

ஊசிக்கு நாள் கேட்க அம்மா கவுன்ட்டருக்குப் போனாள். வெளியே பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்த தங்கை ஓடிவந்தாள். அக்காவைவிட இரண்டு வயது சின்னவள். உடம்பில் ஒரு கொசுக்கடித் தழும்புகூடக் கிடையாது. அக்காவின் காதோடு வாயை வைத்தாள்.

“பயந்தாங்கொள்ளி! அன்னைக்கு உன் பேரைக் கூப்பிட்டப்ப உனக்குப் பதிலா நான்தானே போய்க் கையை நீட்டினேன்? அம்மாகிட்ட இன்னும் மூச்சு விடலை. சொல்லுக்கா, என் ரத்தம் நல்ல ரத்தம்னு சொன்னாங்களா?”