மூன்று வாரத்து வலி

“குடிச்சே செத்தான்னு எழுதி மூடிரலாம்னு பாக்குதியளா?”

ஆஸ்பத்திரி ஆய்வக மேசையில் ஓங்கி அடித்தார் மகாராஜா. குற்றாலத்து ஆயில் மசாஜ் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். முப்பது வருஷமாக மைக் இல்லாமல் பேசிப் பழகிய குரல்.

மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார் டாக்டர் மாஜிதா.

“எங்க ஆளு இசக்கிமணி செத்து பதினெட்டு நாளாச்சு. உடம்பை அறுத்துப் பாத்தும் காரணம் சொல்ல மாட்டேங்கிய. அருவிக்கரை லாட்ஜ் மேனேஜர், ‘அவன் தினமும் குடிச்சுட்டு எங்க படியில மடங்கிக் கிடப்பான்’னு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டான். இந்தப் பிள்ளை ஊருக்குள்ள தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா?”

பின்னால் நின்ற இசக்கிமணியின் மனைவி சங்கரேஸ்வரி அழுதாள். “அவிய அதைத் தொட்டதே இல்ல டாக்டரம்மா.”

“தெரியும்மா. கடைசி நாட்கள்ல எப்படித் தூங்குவார்?”

“படுத்தா நெஞ்சு வலிக்குன்னு சொல்லுவாவ. மடியில தலையணையை வச்சு, குனிஞ்சு உக்காந்தேதான் தூங்குவாவ.”

“அதேதான். இதயத்தைச் சுத்தி மெல்லிசா ஒரு உறை இருக்கு. அது வீங்கிப் புண்ணாயிருக்கு; சாவுக்குக் காரணம் அதுதான். மேல நார்நாரா உறைஞ்சு படிஞ்சிருக்கு. அது ரெண்டு நாள்ல வந்துரும். ஆனா அதுக்கு அடியில புதுசா ரத்தக்குழாய் முளைச்சு, தழும்பு கட்ட ஆரம்பிச்சிருக்கு. அதுக்குக் குறைஞ்சது மூணு வாரம் ஆகும்.”

“அப்படின்னா?”

“இந்த நோயில படுத்தா வலி கூடும், முன்னால குனிஞ்சா குறையும். மூணு வாரமா அவர் படியில மடங்கி உக்காந்தது போதையில இல்ல, வலியில. குனிஞ்சு தேய்க்கிற வேலைங்கிறதால யாருக்கும் தெரியலை.”

மகாராஜாவின் முகம் சிவந்தது.

“ஒரு எழுத்து விடாம எழுதுங்க டாக்டரம்மா! மூணு வாரம் நெஞ்சுவலியோட ஒரு மனுசனை வேலை வாங்கியிருக்கானுவ! ஆஸ்பத்திரிக்குப் போக விடாத பய எவன்? பேரைச் சொல்லு தாயி. அவன் வீட்டு வாசல்ல பந்தல் போட்டு உக்காருதேன்!”

சங்கரேஸ்வரி தரையைப் பார்த்தாள்.

“சும்மா சொல்லு. நான் இருக்கேம்லா?”

“அண்ணாச்சி... சீசன்ல மூணு நாள் வரலைன்னா, சங்கத்துல நம்பரைப் பிடுங்கி வேற ஆளுக்குக் கொடுத்துருவியள்லா? நம்பர் இல்லாம அருவிக்கரையில எவன் தேய்க்க விடுவான்? சாகுறதுக்குப் பத்து நாள் முந்தி உங்ககிட்ட வந்து, ‘ஒரு வாரம் லீவு வேணும், நம்பரை எடுத்துராதிய’ன்னு கெஞ்சினாவ. ‘உனக்கொரு சட்டம், ஊருக்கொரு சட்டமாலே?’ன்னு கேட்டு அனுப்பிட்டியளாம்.”



“நீ வெளிய இரு தாயி,” என்றார் மகாராஜா.

அவள் போனதும் கதவைச் சாத்தினார். குரல் முதல் தடவையாகத் தணிந்தது.

“டாக்டரம்மா, அந்த மூணு வாரத்தை மூணு நாள்னு போட முடியுமா?”

“மூணு நாள்னு எழுதினா, அதுக்கு முந்தி அவர் மடங்கிக் கிடந்ததெல்லாம் குடின்னு ஆயிருமே?”

“ஆயிட்டுப் போகட்டும். அவன் செத்தவன். சங்கம் இருக்கணும்லா?”