பின்னால் வந்தவர்

பின்னால் ஒருவர் வந்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் பல் டாக்டருக்குக் கால்வலி பாதியாகக் குறைந்தது. திரும்பிப் பார்த்தார். வருகிறார். தலையில் பச்சைத் தொப்பி, முதுகில் பை, காலில் செங்கல் கனத்துக்கு அடிப்பாகம் வைத்த பூட்ஸ்.

"வண்டி டயரைக் கால்ல கட்டிக்கிட்டு ஓட வந்திருக்கார் பாரு!" என்று முணுமுணுத்துக்கொண்டே டாக்டர் அடுத்த கல்லை மிதித்தார். "அம்மா!" என்று வாய்விட்டே அலறினார்.

டாக்டர் போட்டிருந்தது கல்யாணப் பத்திரிகை கனத்தில் அடிப்பாகம் உள்ள ஷூ. பாதம் மண்ணை உணர வேண்டும், அதுதான் இயற்கை என்பது அவருடைய கட்சி. பல் காட்ட வந்தவர்களிடமெல்லாம் இதைப் பிரசாரம் செய்தார். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களால் மறுத்துப் பேசவா முடியும்? அந்தத் தைரியத்தில் வீட்டிலும் ஆரம்பித்து, மனைவி ஆபீசுக்குப் போட்டுப் போகிற ஷூவின் உள்மெத்தையைப் பிடுங்கி எறிந்ததில்தான் வினை வந்தது.

"மலை ஓட்டம் நடத்துறாங்களாம். உங்க காகித ஷூவைப் போட்டுக்கிட்டு ஓடுங்க" என்றார் மனைவி. "கடைசியா வராம இருந்தாலே போதும், நானும் அதையே மாட்டிக்கிறேன். கடைசியா வந்தீங்கன்னா அந்த ஷூவும் வீட்ல இருக்கக்கூடாது, அதைப் பத்தின பேச்சும் இருக்கக்கூடாது."

"ஷூ இருந்துட்டுப் போகட்டும் அக்கா, பேச்சை மட்டும் நிறுத்தச் சொல்லு" என்றான் மச்சான்.

ஆகவே டாக்டரின் மானமும் பேச்சுரிமையும் இன்று அந்தப் பச்சைத் தொப்பியின் கையில் இருந்தன. முன்னால் ஒரு தலையும் தென்படவில்லை. தொப்பையைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு போலீஸ்காரர்கூட, போனில் வீட்டுக்காரம்மாவிடம் பேசிக்கொண்டே டாக்டரைத் தாண்டிப் போய் வெகு நேரமாகிவிட்டது.

நல்லவேளையாகத் தொப்பிக்காரர் வேகம் காட்டவில்லை. புதரைக் கண்டால் நிற்பதும், மரத்தடியில் ஒதுங்குவதுமாக வந்தார். மனுஷனுக்கு வயிறு சரியில்லை போல என்று டாக்டர் பரிதாபப்பட்டார். கூடவே கொஞ்சம் சந்தோஷமும் பட்டார்.

ஒரு திருப்பத்தில் டாக்டருக்குப் பகீரென்றது. வழி தெரிவதற்காகக் கிளைகளில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால், வந்த வழியில் ஒன்றைக்கூடக் காணோம்.

"சார், இதுதானே வழி? தப்பா வந்துட்டோமா?"

"சரியாத்தான் போறீங்க. பின்னாடி பார்க்காதீங்க சார், முன்னாடி பாருங்க."

முன்னால் பார்த்தார். ரிப்பன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நிம்மதியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிப் பாதத்தை நீவிவிட்டார். தொப்பிக்காரரும் அடுத்த பாறையில் உட்கார்ந்தார்.

"நீங்க வேணா முன்னால போங்களேன்" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஐயையோ, உங்களை விட்டுட்டு நான் எப்படி சார் போறது?"

டாக்டர் உருகிப்போனார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பண்பாளரா! நன்றிக்கடனாகத் தன் பிரசங்கத்தில் கொஞ்சம் இலவசமாக எடுத்துவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க பின்தங்குறதுக்குக் காரணமே அந்த பூட்ஸ்தான். பாதம் பூமியோட பேசணும் சார்."

"உங்க பாதம் பேசுறது எனக்கே கேக்குதே சார். கல்லுக்குக் கல்லு அம்மாங்குது."

"அது பழகுற வரைக்கும்தான். அப்புறம், வயித்துக்கு வேணும்னா என்கிட்ட மாத்திரை இருக்கு."

"என் வயித்துக்கு என்ன சார்?"

"சரி, விடுங்க. நான் வெளியே சொல்ல மாட்டேன்."

கடைசி இறக்கம் முழுக்கச் சரளைக் கல். டாக்டர் அதில் ஓடினார் என்று சொல்ல முடியாது. சுடுகல்லில் கோழி போகிற மாதிரி போனார். கீழே பந்தல் தெரிந்தது. அங்கே நேரம் குறிப்பவர் மேஜையில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்க, மனைவியும் மச்சானும் மட்டும் நின்றார்கள். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்து கோட்டைத் தாண்டி விழுந்தார்.

"என்ன அத்தான், எல்லாரும் மெடல் வாங்கிட்டு வீட்டுக்கே போயாச்சு!" என்று மச்சான் சிரித்தான்.

"எல்லாருமா? அங்க பாருடா, ஒருத்தர் வர்றார்!" டாக்டர் தரையில் கிடந்தபடியே கையை நீட்டிக் காட்டினார். "நல்லா பார்த்துக்க. நான் கடைசி இல்ல!"

மச்சானின் சிரிப்பு நின்றது. மனைவி எட்டிப் பார்த்தார். பச்சைத் தொப்பி நிதானமாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

"உன் கால் அளவு என்ன? நாளைக்கே கடைக்குப் போயிடலாம்" என்றார் டாக்டர்.

சொன்ன சொல்லை மீறுகிற பழக்கம் மனைவிக்கு இல்லை. தன் காலில் இருந்த மெத்துமெத்தென்ற செருப்பை மட்டும், ஊருக்குக் கிளம்புகிற பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

தொப்பிக்காரர் கோட்டைத் தாண்டினார். மூச்சுக்கூட வாங்கவில்லை. முதுகுப் பையை இறக்கி மேஜைமேல் கவிழ்த்தார். சிவப்பு ரிப்பன்கள் குவியலாகக் கொட்டின. தூங்கிக்கொண்டிருந்தவரைத் தட்டி எழுப்பினார்.

"கடைசி ஆளைப் பத்திரமா கொண்டாந்து சேர்த்துட்டேன், பந்தலைப் பிரிங்கப்பா."