பதினோரு மாதம்

"பதினோரு மாசம் முடிஞ்சுது. கடையைக் காலி பண்ணிடுங்க தம்பி" என்றாள் மலர்க்கொடி.

பரிதி பதறினான். "இப்பதான்க்கா நம்ம பரோட்டாவுக்குக் கூட்டமே வருது. வேணும்னா வாடகையைக் கூட்டித் தரேன்."

"வேணாம்."

நாஞ்சிக்கோட்டை சாலையில் அவளுடைய அந்தக் கடையில் பேக்கரி வந்தது, செல்போன் கடை வந்தது, ஜூஸ் கடை வந்தது. யாருக்கும் அவள் இரண்டாம் முறை ஒப்பந்தம் போட்டதில்லை. திமிர் என்றது தெரு.

சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, பரிதி ஏணியில் ஏறித் தன் பிளெக்ஸ் போர்டைக் கழற்றினான். பின்னால் சுவரில், மஞ்சள் பெயிண்டில், கோணல் எழுத்தில் 'தங்கையன் மெஸ்' என்றிருந்தது.

மலர்க்கொடி எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"யாருக்கா எழுதினது?"

"எங்க வீட்டுக்காரர். மெஸ் திறந்த அன்னிக்கு அவரே ஏறி எழுதினாரு. அவர் போய் ஆறு வருஷமாச்சு. வாடகைக்கு விடாம முடியல. ஒரு கடை போயி இன்னொண்ணு வர்றதுக்குள்ளதான் இதைப் பார்க்க முடியுது."

பரிதி ஏணியிலேயே நின்றான்.

"என் போர்டு வேணாம்க்கா. இந்தப் பேரையே வெச்சுக்கட்டுமா?"

"அவர் கடையில இட்லிதான், பரோட்டா கிடையாதே தம்பி."

"நாளையிலேருந்து இட்லியும் உண்டுக்கா."

அவள் சாவியை நீட்டினாள்.