மூன்று மணிக்கு முந்தி

“மூணு மணிக்கு முந்தி சரி வந்திருமா தம்பி?”

அபூசாலி இதைக் கேட்பது நாலாவது தடவை. மேசைக்கடியில் தலையை விட்டிருந்த அர்ஷாத், கம்ப்யூட்டரின் பின்பக்கத் தூசியைத் துடைத்துவிட்டு வயரைச் செருகினான்.

“வரும் மாமா. இப்பதானே ஒண்டரை.”

முதல்நாள் இடியில் சாய்ந்தமருதில் பல வீடுகளில் ரவுட்டர் எரிந்துபோயிருந்தது. கல்முனைக் கடைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. இன்டர்நெட் லைன்காரர்கள் திங்கட்கிழமைதான் வருவார்களாம். டவரும் பாதி படுத்துவிட்டதால் போனில் பேச மட்டும்தான் முடிகிறது, டேட்டா இல்லை. அர்ஷாத் மருதமுனைக்காரன். கல்முனை பஸாரில் கம்ப்யூட்டர் திருத்துபவன். ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தவனை யாரோ அடையாளம் காட்ட, முன்பின் தெரியாத இந்த மனிதர் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்.

“வீடியோ கோல் யார்ட போனுக்கு வரும்?”

“மருமகள் ஸில்மியாட போனுக்கு. மகன் றமீஸ்ட ரூம் கூட்டாளி முர்ஷித் எண்டு ஒரு பொடியன். அவன்ட போன்லருந்து வரும். சவூதியில, தம்மாம்ல ஜும்ஆ முடிய எடுக்கிறதாம். அப்ப நமக்கு மூணு மணி.”

“அப்ப இந்தக் கம்ப்யூட்டரையே ரவுட்டரா மாத்துவம். சுவத்துப் பெட்டியிலருந்து லைன் இதுக்குள்ள வரும். இந்தச் சின்ன வைபை துண்டு அத மருமகள்ட போனுக்குக் குடுக்கும்.”

அபூசாலி தலையாட்டினார். ஒன்றும் விளங்கியதாகத் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் மெதுவாக உயிர் பெற்றது. லைன் பாஸ்வேர்ட் கேட்டது.

“லைன் எடுத்த நேரம் ஒரு பாஸ்வேர்ட் தந்திருப்பாங்களே?”

“அதெல்லாம் றமீஸ்தான் பாத்த.”

“அப்ப மகன்ட்டக் கேட்டுச் சொல்லுங்க. யார்ட போன்லருந்து எண்டாலும் ஒரு கோல் எடுத்து…”

“அவன்ட்டக் கேக்க ஏலா தம்பி.”

வேலையில் இருப்பான் போலும் என்று நினைத்தான் அர்ஷாத். அறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஸில்மியாவின் அடைத்த குரல் வந்தது. “புள்ளட பேரப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க மாமா. அவர் எல்லாத்துக்கும் அப்னாட பேரத்தான் போடுற.”

பேருக்குப் பின்னால் பிறந்த வருடத்தையும் போட்டபோது லைன் வந்தது. ஆனால் வைபை துண்டைக் கம்ப்யூட்டர் ஏற்க மறுத்தது. கழற்றி மாட்டினான். வேறு துளையில் செருகினான். நிறுத்தி மறுபடி போட்டான். இரண்டு இருபது. இரண்டு முப்பத்தைந்து.

அடுப்பு மூட்டாத குசினி வாசலில் நிலத்தில் உட்கார்ந்திருந்த அபூசாலியின் மனைவி ஸைனம்பு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “யா அல்லாஹ், இதையாவது எங்களுக்குத் தரப்படாதா?”

ஒரு கோலுக்கா இவ்வளவு? அர்ஷாத்துக்குச் சங்கடமாக இருந்தது.

“மருதமுனையில டவர் நல்லா வேல செய்யுது மாமா. ஓட்டோவில பத்து நிமிஷம். மருமகளையும் கூட்டிக்கிட்டு எங்கட வீட்டுக்கு வாங்க.”

“அவக்கு இப்ப வீட்ட விட்டு வெளிக்கிட ஏலா.”

சுகமில்லாதவளாக்கும். அர்ஷாத் மேலே கேட்கவில்லை. பழைய டிரைவரை அழித்துவிட்டு, பென்டிரைவில் கொண்டுவந்த வேறொன்றைப் போட்டான். கம்ப்யூட்டர் திரை நீலமாகி உறைந்து நின்றது. இரண்டு ஐம்பது.

அபூசாலி கதிரையின் கைப்பிடியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்க்க அர்ஷாத்தால் முடியவில்லை.

“சரி வராட்டியும் மனச விடாதீங்க மாமா. இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு. மகன் திருப்பி எடுப்பார்தானே?”

ஸைனம்பு அவனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் கவிழ்த்தாள். தான் என்ன பிழையாகச் சொன்னோம் என்று அவனுக்கு விளங்கவில்லை.

மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டான். இந்த முறை வைபை துண்டில் பச்சை வெளிச்சம் மின்னியது. பரபரவென்று தட்டினான்.

“தங்கச்சி, வைபையைப் பாருங்க. ‘றமீஸ் பீசி’ எண்டு ஒண்டு காட்டுதா?”

“ஓம்… ஓம், காட்டுது!”

“அதுக்கும் புள்ளட பேரும் வருஷமும்தான் பாஸ்வேர்ட்.”

மூன்று மணி தாண்டி ஏழு நிமிடத்தில் போன் அடித்தது. அர்ஷாத் நெற்றி வியர்வையைத் துடைத்துச் சிரித்தான். ஆனால் திரைக்குப் பின்னால் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு கை அதை வெளியே நீட்டியது. அபூசாலி வாங்கினார். அவரும் அமத்தாமல் அதை அர்ஷாத்திடம் நீட்டினார்.

“நீயே அமத்து மகன்.”

இத்தனை பேரைக் காக்க வைத்த றமீஸுக்கு ஒரு ஸலாம் சொல்லிவிடுவோம் என்று அர்ஷாத் சிரித்த முகத்தோடு பச்சைப் பொத்தானை அமத்தினான். போன் திரையில் கண் கூசும் வெயில், மணல், வெள்ளை உடுப்பில் சில ஆண்கள். முர்ஷித்தின் குரல் உடைந்து வந்தது.

“மையவாடிக்கு வந்திட்டம் மாமா. கபுறுக் குழியில வைக்க முந்தி றமீஸ்ட முகத்தத் தொறந்து காட்டுறம், எல்லாரும் கடைசியா ஒருக்கா பாத்துக்கொள்ளுங்க.”