கடைசிக் கூண்டு

"நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் இன்னும் நாப்பது பொண்ணுங்க போயிட்டாங்க மேடம்" என்றார் மாமா. "மிச்சம் பதினேழு பேர்தான். அவங்களும் எழுந்திரிக்கவே மாட்டேங்கறாங்க."

மேடம் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே வலைக் கூண்டைப் பார்த்தாள். அடித்தட்டில் எள் சிந்தினாற்போல் செத்துக் கிடந்தன கொசுக்கள்.

கடிப்பதெல்லாம் பெண் கொசுதான் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டதிலிருந்து மாமாவுக்கு அவை 'பொண்ணுங்க'. காலை பத்து மணிக்குச் சட்டைக் கையை மடித்துக் கூண்டுக்குள் விட்டு, பத்து நிமிடம் ரத்தம் கொடுப்பதுதான் உத்தியோகம். ஆறு வருடமாக அந்தக் கூட்டம் வளர்ந்ததே அவர் கையில்தான். அக்கா மகள்களுக்குச் செய்கிற மாதிரி செய்கிறாரே என்று கிண்டல் பண்ணிப் பண்ணி, ஆய்வுக்கூடம் முழுக்க அவர் மாமா ஆகிவிட்டார்.

மேடத்தின் ஆராய்ச்சி எளிதாகச் சொல்லிவிடக் கூடியதுதான். மனிதன் ஒரு மருந்தை விழுங்க வேண்டும். அவன் ரத்தத்தைக் குடிக்கிற கொசு, காய்ச்சல் வைரஸை அடுத்த ஆளிடம் கொண்டுபோகும் முன்னால் சாக வேண்டும்.

மருந்து செய்வது அவள் கணவரின் பொறுப்பு. நடுவில் ஓர் உலோக அணு, அதைச் சுற்றி நாலைந்து மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும் அணைவுச் சேர்மங்கள். நீலம், பச்சை, ஆரஞ்சு என்று நூற்று முப்பத்தெட்டுக் குப்பிகள் ஆகிவிட்டன. ஒவ்வொன்றையும் ஆட்டு ரத்தத்தில் கலந்து தனிக் கூண்டுகளில் குடிக்க வைத்தார்கள். கொசுக்கள் குடித்துவிட்டுத் தெம்பாகப் பறந்தன.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே காய்ச்சலில்தான் அவர்களுடைய ஒரே மகள் போனாள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு என்று ஒன்று இருந்தால் அது குப்பிகளைப் பற்றித்தான்.

இரண்டு மாதமாக அதற்கும் வழியில்லை. மருந்து வாடையே படாத, முட்டைக்காக மாமா வளர்க்கிற தாய்க் கூண்டில் சாவு விழ ஆரம்பித்தது. சர்க்கரைத் தண்ணீரை மாற்றினாள், பஞ்சை மாற்றினாள், கூண்டுகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். வெளியிலிருந்து ஏதோ வைரஸ் நுழைந்திருக்குமோ என்று மாமாவின் ரத்தத்தையே இரண்டு தடவை சோதித்தாள். சுத்தம். காய்ச்சல் இல்லை, காயம் இல்லை, மருந்து இல்லை என்று தினமும் அவர் கையெழுத்துப் போடும் தாளிலும் குறை ஒன்றும் இல்லை.

"கொல்லணும்னு நினைச்சப்ப ஒண்ணு கூடச் சாகல" என்றார் கணவர், குப்பிகளைக் கழிவுப் பெட்டியில் அடுக்கியபடி. "வளக்கணும்னு நினைச்சா ஒண்ணு கூட நிக்கல. விடும்மா. நமக்கு எழுதினது அவ்வளவுதான்."

மேலிடத்திலிருந்து வந்த கடிதம் மேஜையில் கிடந்தது. கொசுவை வளர்க்கவே தெரியாதவர்கள் கொல்வது எப்படி என்று நாசூக்காகக் கேட்டிருந்தார்கள். இன்று மாலைக்குள் கூடத்தைக் காலி செய்ய வேண்டும்.

மிச்சம் இருப்பவற்றை உறைபெட்டியில் வைத்துவிடுவது முறை. மேடம் கூண்டைத் தூக்கப் போனாள்.

"ஒரு நிமிஷம் மேடம்." மாமா சட்டைக் கையை மடித்தார். "கடைசியா ஒரு வாய் குடிச்சுட்டுப் போகட்டும்."

கையை உள்ளே விட்டுக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் கிட்டே வரவில்லை. ஒரே ஒரு கொசு மட்டும் கால் தள்ளாடி மணிக்கட்டில் ஏறியது. கடிக்கத் தெம்பில்லாமல் அப்படியே சரிந்தது.

"குளிர்ல வலிக்குமா மேடம்?"

"தூங்கற மாதிரிதான் இருக்கும் மாமா" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் போன அன்று டாக்டர் சொன்னதும் இதே வார்த்தைதான்.

உறைபெட்டியின் மூடி விழுந்தது. மூன்று பேரும் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள்.

மத்தியானம் நர்ஸ் வந்தாள். வேலையிலிருந்து விடுவிக்கும்போது உடல் பரிசோதனைச் சான்று வேண்டுமாம். கணவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். நூற்று அறுபத்தைந்து. மேடத்துக்கு நூற்று ஐம்பது.

"ரெண்டு பேரும் நாளைக்கே டாக்டரைப் பாருங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டு மாமாவிடம் போனாள். முள் இறங்குவதைப் பார்த்தவள், நம்பாமல் இன்னொரு தடவை காற்றடித்தாள்.

"நூத்தி இருபதுக்கு எண்பது! அறுபது வயசு ஆளுக்கு. உங்ககிட்ட பாடம் படிக்கணும்" என்றபடி எழுதிக்கொண்டு கிளம்பினாள்.

மேடம் பல நாளைக்குப் பிறகு லேசாகச் சிரித்தாள். "பரவாயில்ல மாமா. இத்தனை வருஷம் ரத்தத்தை உறிஞ்சினதுக்கு, நீங்க ஒருத்தராவது நல்லபடியா வெளிய போறீங்க. எங்களால ஆனது அவ்வளவுதான்."

மாமா நெளிந்தார். மடித்த சட்டைக் கையை இறக்கி விட்டு, பொத்தானைப் போட்டு, மறுபடி கழற்றினார். வாசலில் நர்ஸ் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு மேடம் பக்கத்தில் வந்தார்.

"உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன் மேடம். தெரிஞ்சா வேலையை விட்டு எடுத்துடுவீங்கன்னு பயம். இப்பதான் வேலையே இல்லையே, சொன்னா என்ன…"

"என்ன மாமா?"

"ரெண்டு மாசமா பிரஷர் மாத்திரை போட்டுட்டிருக்கேன்."